பின்கட்டில் மாட்டிய சென்சார்

மீட்டர் செய்யும் மேசையையும் சால்டரிங் பற்றவைப்புக் கோலையும் என்னிடம் வேலை கற்ற உங்கள் மூவரிடமும் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும், போன் மணி அடித்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். யாருடைய எஞ்சின் போயிற்றோ என்றுதான் முதலில் தோன்றும். எடுத்துப் பார்த்தால் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆளாக இருக்கும். என் மனைவி சிரிக்கிறாள். "கவலப்பட ஒண்ணும் இல்லன்னா, ஏன் ஒண்ணும் இல்லன்னு கவலப்படுற ஆளு நீங்க" என்கிறாள். தோல் தொழிற்சாலையில் பாய்லர் பக்கத்துக் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்திலிருந்தே நான் இப்படித்தான். இனி மாறப்போவதில்லை.

நீங்களும் கொஞ்சம் பயப்படுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போர்டு செய்வதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. என்னைவிட நன்றாகவே பற்றவைக்கிறீர்கள், என்னைவிடக் குறைவாகவே கையைச் சுட்டுக்கொள்கிறீர்கள். ஆனால் ஒருவர் ஆக்சிலேட்டரில் காலை வைத்துக்கொண்டு, "சார், மீட்டர் சரியாத்தான காட்டுது?" என்று கேட்கும்போது என்ன பதில் சொல்வது என்பதை எந்தச் சர்க்யூட் படத்திலும் போட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கேள்வி எனக்கு வந்த ஒரு நாளைச் சொல்கிறேன்.

நாம் செய்கிற பெட்டி சின்னதுதான். புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சாரைத் திருகி, அதன் ஒயரை நம் போர்டில் செருகினால், எஞ்சின் குடிக்கிற காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம் ஒரு எண்ணாக வரும். எண் இறங்கினால் பெட்ரோல் ஜாஸ்தி. ஏறினால் கம்மி. ஜாஸ்தியானால் கறுப்புப் புகை வரும், அவ்வளவுதான். முழு வேகத்தில் கம்மியானால் உள்ளே சூடு ஏறி பிஸ்டனிலேயே ஓட்டை விழும். கடையில் வாங்குகிற மீட்டருக்குப் பின்னால் ஒரு கம்பெனி நிற்கும். நம்முடையதற்குப் பின்னால் நாம்தான் நிற்க வேண்டும்.

அப்ரீன் என் மீட்டரை வாங்கியவர்களில் ஒருத்தி. ஆம்பூரிலேயே பிறந்து, ஆட்டோமொபைல் படித்து, ஓசூரில் எஞ்சின் ட்யூனிங் செய்கிற இடத்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகி மறுபடியும் ஆம்பூருக்கே வந்தவள். மாமனாருக்குச் சொந்தமான ஒரு ஷெட்டில் தனியாகத் தொழில் தொடங்கியிருந்தாள். மாமனார் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருக்கு இந்தத் தொழிலில் நம்பிக்கை இல்லை. ஷெட்டுக்குப் பின்கட்டில் ஷூவுக்குள் வைக்கிற அட்டைகளை ஒட்டும் பெண்கள் உட்கார்ந்து வேலை செய்தார்கள். பேஸ்டிங் வேலை என்பார்கள். அவர்களுக்கு இடம் போதவில்லை, முன்பக்க ஷெட்டையும் கொடுங்கள் என்று ஜாப் ஒர்க் எடுக்கிற ஆள் அவரை நச்சரித்துக்கொண்டிருந்தான். அப்ரீன் சண்டை போட்டு நிறுத்தி வைத்திருந்தாள். கடைசியில் மாமனார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"ஒடுகத்தூர்காரரு ஜீப்பு வந்திருக்குதுல்ல. அத நல்லபடியா முடிச்சி அனுப்பு. ஷெட்டு உன்னுது. எஞ்சின் கிஞ்சின் போச்சுன்னா பேஸ்டிங்குக்கு உட்டுடுவேன், அப்புறம் என்னாண்ட வந்து கேக்காத."

அந்த ஒடுகத்தூர்காரர் பெயர் வேலாயுதம். கடலைக்காய் போடுகிற விவசாயி. பேச்சு குறைவு, ஜீப் பைத்தியம் மட்டும் நிறைய. பழைய ஜீப்பில் வேறு வண்டியின் பெட்ரோல் எஞ்சினை ஏற்றி, டர்போ வைத்து, மலைத்தடப் பந்தயங்களுக்குக் கொண்டுபோவார். எஞ்சினை அப்போதுதான் பிரித்துப் பூட்டி முடித்திருந்தார்கள். பிஸ்டன்களைக் கோயம்புத்தூரில் சொல்லிச் செய்து, காத்திருந்து வாங்கிப் போட்டிருந்தார். அவை போனால் அந்த வருடப் பந்தயம் அவருக்கு இல்லை, அப்ரீனுக்கு ஷெட் இல்லை.

ஓட்டிப் பார்க்கிற அன்று என்னையும் கூப்பிட்டாள். "புது சென்சார் போட்டிருக்கேன் சார். செட் பண்ணிட்டேன். சும்மா பக்கத்துல உக்காந்து நம்பர் மட்டும் பாத்து சொல்லுங்க" என்றாள். மழை விட்டு வெயில் அடித்திருந்த காலை. மாதனூரிலிருந்து ஒடுகத்தூர் போகிற சாலையில் ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் ஏற்றம் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அவள் ஓட்ட, நான் பக்கத்தில், வேலாயுதம் பின்னால்.

ஆக்சிலேட்டரை மிதித்து ஏற்றத்தில் ஏறிய முதல் இழுப்பில் மீட்டர் பதினொன்றுக்கும் கீழே காட்டியது. பெட்ரோல் ரொம்ப ஜாஸ்தி என்று அர்த்தம். அவள் ஓரங்கட்டி லேப்டாப்பில் பெட்ரோல் அளவைக் கொஞ்சம் குறைத்தாள். அடுத்த இழுப்பில் பதினொன்றைத் தாண்டியது. இன்னும் கொஞ்சம் குறைத்தாள். மூன்றாவது முறை எண் பன்னிரண்டில் வந்து உட்கார்ந்தது. நாங்கள் எதிர்பார்த்த எண். எங்கும் ஆடவில்லை. என் கையால் செய்த போர்டு அப்படி ஆடாமல் நிற்பதைப் பார்த்து, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் சூட்டைக் காட்டும் முள் நகர்ந்துகொண்டிருந்தது. பெரிதாக இல்லை, முதலில் நின்ற இடத்திலிருந்து கொஞ்சம். ஏற்றத்தின் பாதியில் எஞ்சினுக்குள் தகரத்தில் மணலை இறைத்த மாதிரி மெல்லிய சத்தம் ஒன்று வந்து போனது. கேட்டேனா, கேட்டதாக நினைத்தேனா என்று எனக்கே சந்தேகம். அப்ரீனைப் பார்த்தேன். அவள் காலைக் கொஞ்சம் தூக்கியிருந்தாள்.

"கேட்டுச்சா சார்?"

"இன்னா கேட்டுது?" என்றார் வேலாயுதம் பின்னாலிருந்து.

அப்ரீன் காலை முழுதாக எடுத்துவிட்டாள். வண்டியை ஏற்றத்தின் அடிக்குக் கொண்டுவந்து திருப்பி நிறுத்தினாள். அடுத்தது கடைசி இழுப்பு. முழுதாக மிதித்து உச்சி வரை விடாமல் போக வேண்டும். அது முடிந்தால் வேலை முடிந்தது. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"பெட்ரோல் கம்மியா இருந்தாதான் அந்த சத்தம் வரும். மீட்டர் கம்மி இல்லன்னு சொல்லுது. சொல்லுங்க சார், மீட்டர் சரியாத்தான காட்டுது?"

அந்த நிமிடம் என் மனதில் ஓடியதை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. போர்டை நானே சோதித்து அனுப்பினேன். ஒயரில் குறை இல்லை. சென்சார் புதிது. குழாயில் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய் எண் ஏறுமே தவிர இறங்காது. தப்பு என்று சொல்ல என் கையில் ஒரு காரணமும் இல்லை. பின்னால் வண்டிக்காரர் உட்கார்ந்திருக்கிறார். "சரியாத்தான் இருக்கு" என்று சொல்வது எவ்வளவு சுலபம் தெரியுமா? வாய் வரை வந்துவிட்டது.

பாய்லரில் எனக்கு மேலே ஒருவர் இருந்தார். இரண்டு கேஜ் இரண்டு விதமாகக் காட்டினால், எது தப்பு என்று யோசிக்கவே மாட்டார். முதலில் நெருப்பை நிறுத்துவார், அப்புறம் டீ வாங்கி வரச் சொல்வார், டீ குடித்துக்கொண்டேதான் காரணம் தேடுவார். மேலிடத்தில் அதற்காக நிறையத் திட்டு வாங்கியவர். நாங்களும் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று கிண்டல் செய்திருக்கிறோம். அந்த ஏற்றத்தின் அடியில் அவர் ஞாபகம்தான் வந்தது.

"தெரியலம்மா" என்றேன். "எஞ்சின ஆஃப் பண்ணு."

வேலாயுதம் முன்னால் குனிந்து வந்தார். "தெரியலன்னா இன்னா சார் அர்த்தம்? நீங்க செஞ்ச மீட்டர்தான இது?"

"நான் செஞ்சதுதான். இப்ப அத நம்ப வேணாம்னு தோணுது. ஏன்னு கேட்டா எனக்கு சொல்லத் தெரியல."

"நல்லா இருக்குது போ. பேஜாரு புடிச்ச வேலை" என்று அவர் இறங்கிப் போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். அப்ரீன் முகத்தில் ரத்தம் இல்லை. ஆனாலும் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டாள்.

பானெட்டைத் திறந்து எஞ்சின் ஆறக் காத்திருந்தோம். அதைவிட நீளமான காத்திருப்பு எனக்கு நினைவில்லை. பிறகு ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். பெட்ரோல் சரியாக இருந்தால் அதன் முனை காப்பித்தூள் நிறத்தில் இருக்கும். இது சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. எஞ்சின் பெட்ரோல் இல்லாமல் தவித்திருக்கிறது. கடைசி இழுப்பை இழுத்திருந்தால் பிஸ்டன் போயிருக்கும். மீட்டர் பொய் சொல்கிறது என்பது உறுதியாகிவிட்டது. ஏன் என்பதுதான் தெரியவில்லை. ஒயர்களை ஆட்டிப் பார்த்தோம், பேட்டரி அளவைப் பார்த்தோம், எர்த் ஒயரின் முனையைச் சுரண்டி மறுபடி மாட்டினோம். ஒன்றும் அகப்படவில்லை.

வேலாயுதம் கோபம் தணிந்து திரும்பி வந்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "இங்க வந்தப்புறம்தான் மண்டை இடி விட்டுது" என்றார். "ஏம்மா, உன் ஷெட்டுல எப்படிம்மா நாள் பூரா இருக்கற? இன்னா நாத்தம் அது. காலைல பத்து நிமிசம் நின்னேன், தலை கிர்ருன்னு சுத்திடுச்சி."

அப்ரீன் நிஜமாகவே புரியாமல் பார்த்தாள். "இன்னா நாத்தம்?"

எனக்கும் புரியவில்லை. அன்று காலை அதே ஷெட்டில் நின்று டீ குடித்தவன் நான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மூக்கு இருப்பது கண்ணாடி மாட்டுவதற்கு மட்டும்தான். தோல், சுண்ணாம்பு, சாயம், பசை எல்லாவற்றிலும் பிறந்து வளர்ந்தவர்கள். பஸ்ஸில் வெளியூர்க்காரர்கள் ஆம்பூர் வந்ததும் மூக்கைப் பொத்தினால், இவர்களுக்கு என்ன வந்தது என்று பார்ப்போம். ஆனால் பசை என்ற சொல் மனதில் வந்ததும் அப்ரீன் பக்கம் திரும்பினேன்.

"புது சென்சார எங்க மாட்டி செட் பண்ணே?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன மாதிரிதான் சார். எஞ்சின் புகை இல்லாத எடமா, திறந்த வெளியில. பின்கட்டுல ஆணில மாட்டினேன்."

"மழை பெய்ஞ்சிதே நேத்து."

"மேல தார்பாய் கட்டியிருந்தாங்க. நனையல."

"கீழ இன்னா இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லியே" என்றாள். பிறகு சாதாரணமாக, "அட்டை வெக்கிற தட்டுங்கதான். மும்தாஜ் அக்கா ஒட்டின அட்டைய காய வெச்சிருந்தாங்க. ஒட்டுற சொல்யூஷன் டின்னு ரெண்டு மூணு."

உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். வண்டியில் மாட்டுவதற்கு முன் புதுச் சென்சாரை வெளிக்காற்றில் தொங்கவிட்டு, சூடேறியதும் பொத்தானை அழுத்துகிறோம். காற்றில் ஆக்சிஜனின் அளவு எந்த ஊரிலும் ஒன்றுதான் என்பதால், மீட்டர் அதையே தன் எடைக்கல்லாக எடுத்துக்கொள்கிறது. பசையின் ஆவி அந்தக் காற்றில் கலந்திருந்தால், அது சூடான சென்சாருக்குள் எரிந்து ஆக்சிஜனைத் தின்றுவிடும். மிச்சம் இருப்பதை மீட்டர் முழுசு என்று நம்பிவிடும். முக்கால் கிலோ கல்லை ஒரு கிலோ என்று வைத்து நிறுத்தால் எல்லாமே ஜாஸ்தியாகத்தான் தெரியும்; இங்கே சரியான கலவையிலிருந்து விலகிய அளவு ஜாஸ்தியாகத் தெரிந்தது. கொஞ்சம் கூடுதலாக இருந்த பெட்ரோலை ரொம்பக் கூடுதல் என்று காட்டியது. அவள் அதை நம்பிக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். 'திறந்த வெளி' என்று எழுதிக் கொடுத்தது நான். அவள் அதை அப்படியே செய்தாள். தார்பாய் கட்டிய பின்கட்டை எங்கள் ஊரில் யாரும் திறந்த வெளி இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

அடுத்து இன்னொன்று மனதில் வந்தது. வேலை செய்கிற சென்சாருக்குள் தணல் மாதிரி சூடு. பசையின் ஆவி பெட்ரோல் ஆவியைப் போலவே தீப்பிடிக்கக் கூடியது. ஆணிக்கு நேர் கீழே தட்டுகள். தட்டைச் சுற்றிப் பெண்கள். அப்ரீனிடம் சொன்னேன். அவள் சாலையோரம் உட்கார்ந்துவிட்டாள். பிறகு போனை எடுத்து மும்தாஜைக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. சென்சார் ஜீப்பில்தான் இருக்கிறது, அங்கே இப்போது ஒன்றும் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்தும், எதிர்முனையில் குரல் வரும்வரை இருவரும் மணியை எண்ணிக்கொண்டிருந்தோம்.

"இன்னாம்மா? கைல பசையா இருக்குது, சீக்கிரம் சொல்லு."

"ஒண்ணும் இல்லக்கா. சும்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாலைக்கு அந்தப் பக்கம் கடலைக்கொல்லை. சென்சாரைக் கழற்றி, ஒயரை நீட்டி, கொல்லை வரப்பில் நட்டிருந்த ஒரு குச்சியில் தொங்கவிட்டோம். மலைப்பக்கத்திலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினாள். பழைய அளவையும் புதிய அளவையும் திரையில் அடுத்தடுத்துப் பார்த்தோம். வித்தியாசம் இருக்கும் என்று தெரியும். இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. போர்டு பழுதோ என்று மறுபடி அழுத்தச் சொன்னேன். அதே அளவுதான் வந்தது.

மறுபடி ஜீப்பில் மாட்டி மெதுவாக ஓட்டினோம். முன்பு பன்னிரண்டு காட்டிய இடத்தில் இப்போது பதின்மூன்றை ஒட்டி நின்றது. கழித்த பெட்ரோலை அவள் ஒவ்வொரு படியாகத் திருப்பிச் சேர்த்தாள். ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றிப் பார்த்த பிறகே அடுத்த படி. வேலாயுதம் இப்போது அவசரப்படுத்தவில்லை. அவரே பிளக்கை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார். கடைசியில் அப்ரீன் முழுதாக மிதித்தாள். என் இடது கை கதவுக் கம்பியை விடவே இல்லை. எண் பன்னிரண்டில் நின்றது, முள் அசையவில்லை, சத்தம் இல்லை. உச்சிக்குப் போய் நிறுத்தினோம்.

இறங்கி வரும்போது அவள் சொன்னாள், "நீங்க சரின்னு சொல்லியிருந்தா மிதிச்சிருப்பேன் சார்."

உங்களுக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். மிதிப்பவர்கள் நம் மீட்டரை நம்புவதில்லை, நம் வாயை நம்புகிறார்கள். காரணம் தெரியாவிட்டாலும் 'தெரியாது, நிறுத்து' என்று சொல்லப் பழகுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

ஷெட்டுக்குத் திரும்பினோம். மாமனார் வாசலிலேயே நின்றிருந்தார். வேலாயுதம் இறங்கி, "எஞ்சின் நல்லா இருக்குது பாய். உங்க மருமக பதறாம செஞ்சிது. இனிமே எதுன்னாலும் இங்கதான் வருவேன்" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. மாமனார் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"அப்போ சொன்ன மாதிரி ஷெட்டு உன்னுதும்மா."

அந்த வார்த்தைக்காக அவள் எத்தனை நாள் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. நேரே பின்கட்டுக்குப் போனாள். நானும் போனேன். மழை விட்டும் தார்பாயை யாரும் அவிழ்க்கவில்லை. அடியில் மும்தாஜும் மற்ற பெண்களும் தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்து, பிரஷ்ஷை டின்னில் தோய்த்து அட்டையில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் அந்த ஆணி அப்படியே இருந்தது.

"வண்டி ஓடுச்சாம்மா?" என்றாள் மும்தாஜ், தலையைத் தூக்காமல்.

"ஓடுச்சிக்கா."

அப்ரீன் ஆணியையும் டின்களையும் பார்த்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மீட்டர் தப்பா காட்டல சார். இங்க இருக்கறதத்தான் காட்டியிருக்கு" என்றாள். கொல்லையில் திரையில் பார்த்த அந்த வித்தியாசம் இந்தப் பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை இழுக்கிற மூச்சு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் முன்பக்கம் போய் மாமனாரிடம் சொன்னாள்.

"மாமா, ஷெட்ட பேஸ்டிங்குக்கே உட்டுடுங்க. ஷட்டர தூக்கினா ரோட்டு காத்து நல்லா வரும். நான் பின்கட்டுக்கு போய்டறேன். தார்பாய அவுத்துடலாம். வண்டி உள்ள வர்றதுக்கு சைடு சந்து போதும்."

மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. "நீதானம்மா அவங்களுக்கு உடக்கூடாதுன்னு வீட்ல தினம் சண்ட போட்ட?"

"அப்போ தெரியாது மாமா" என்று சொல்லிவிட்டு, பின்கட்டுக்குப் போய் முதல் தட்டைத் தூக்கினாள்.